உள்ள ஒருத்தர் வெளிய ஒருத்தர்

காருக்குப் பின்னாடி மாட்டி இழுக்குற வீடு மாதிரி டிரெய்லர், அதை வாங்கப் போன அன்னைக்கு நானும் எங்க வீட்டுக்காரரும் உள்ள போய்ப் பாத்தோம். ஆனா சேந்து போகல. விஷயமே அதான்.

மொதல்ல அவரு அளக்குற டேப்போட உள்ள போனாரு. நான் வெளிய நின்னு கதவோட ரப்பரை அமுக்கி அமுக்கிப் பாத்துக்கிட்டிருந்தேன். அப்புறம் நான் உள்ள போனேன், அவரு அடியில படுத்து அச்சு துருப்பிடிச்சிருக்கான்னு பாத்தாரு. நான் கட்டில்ல உக்காந்தேன், படுத்தேன், எந்திரிச்சேன். அடுப்புகிட்ட நின்னு கிளர்ற மாதிரி கைய ஆட்டிப் பாத்தேன். குளியலறைன்னு ஒரு அலமாரி இருந்துச்சு, அதுக்குள்ள போய் கதவ சாத்தித் திறந்தேன். வெளிய வந்து, "தாராளமா இருக்குங்க"ன்னேன். அவரும், "எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது"ன்னாரு. வித்தவரு வேலைய விட்டு நின்னுட்ட டிரைவிங் மாஸ்டரு. "உங்கள மாதிரி நிதானமா பாக்குற ஜோடிய நான் பாத்ததே இல்ல"ன்னு சொன்னாரு. எனக்குப் பெருமை தாங்கல.

அன்னைக்கு சாயந்தரம்தான் ரெண்டு பேரும் மொத தடவையா ஒண்ணா உள்ள ஏறினோம். நான் அடுப்புகிட்ட நிக்கிறேன். அவரு கட்டிலுக்குப் போகணும். எனக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு பூனை போகலாம், அதுவும் ஒல்லிப் பூனையா இருந்தா. நான் அலமாரிக்குள்ள பின்னாடியே போனேன், அவரு கடந்தாரு, நான் வெளிய வந்தேன். உடனே, "கண்ணாடிய வெளிய வெச்சுட்டேன்"னாரு. மறுபடியும் நான் அலமாரிக்குள்ள.

"அளந்தீங்கல்ல?"ன்னு கேட்டேன்.

"அளந்தேன். அளவு சரியாத்தான் இருக்கு."

"யாருக்கு சரி?"

அவரு அளந்தது டிரெய்லரை. நான் பாத்தது என்னை. ரெண்டு பேரையும் சேத்து யாரும் பாக்கல.

இது கேக்குறவங்களுக்கு கோமாளித்தனமாத் தெரியும். ஆனா எங்க வாழ்க்கையே அப்படித்தான் ஓடிச்சு. அவரு வேலை எடை மெஷின் சரிபாக்குறது. கடை, மில்லு, மார்க்கெட், ஆஸ்பத்திரி, எங்கெல்லாம் ஒரு பொருளை எடை போடுறாங்களோ அங்கெல்லாம் போவாரு. பெட்டி நிறைய எடைக்கல்லு. ஒவ்வொண்ணா மெஷின் மேல வெச்சு, முள்ளு சரியா நிக்குதான்னு பாத்து, முத்திரை ஒட்டிட்டு அடுத்த ஊருக்குப் போயிடுவாரு. மாசத்துல முக்கால்வாசி லாட்ஜுதான். நான் வீட்டுல தையல். திரை, சோபா உறை, ஸ்கூல் யூனிபாரம், டவுசர் இடுப்பு பிரிச்சு விடுறது, எல்லாம். அவரு வெளிய, நான் உள்ள. பேங்க் வேலை அவரு வந்தப்போ பாப்பாரு, பள்ளிக்கூடத்து வேலை நான் பாப்பேன். ஒரே வேலைக்கு ரெண்டு பேரும் சேந்து போனதா ஞாபகமே இல்ல. பொண்ணு கல்யாணத்துலகூட அவரு பந்தியில நின்னாரு, நான் மேடையில நின்னேன். போட்டோவுல மட்டும் பக்கத்துல இருக்கோம்.

பொண்ணும் மாப்பிள்ளையும் வேலை மாத்திக்கிட்டு எங்க வீட்டுக்கே குடிவந்தாங்க. அப்பதான் எனக்குத் தோணிச்சு. இவரு ரிட்டயர் ஆக இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கு. அதுவரைக்கும் நான் ஜன்னல்ல எட்டிப் பாத்துக்கிட்டே கிடக்கணுமா? எனக்கு உக்காந்த எடத்துல உக்கார முடியல. தைக்கும்போது கால் மெஷினை மிதிக்குது, மனசு எங்கேயோ ரோட்டுல போகுது. நான்தான் சொன்னேன், "ஒரு டிரெய்லர் வாங்குவோம். நீங்க போற ஊருக்கெல்லாம் நானும் வரேன். லாட்ஜு வாடகையும் மிச்சம், நாமளும் ஒண்ணா இருக்கலாம்."

அவரு "சரி"ன்னாரு. அந்த "சரி"க்கு முன்னாடி ஒரு சின்ன இடைவெளி இருந்துச்சு. நான் அப்ப கவனிக்கல. இல்ல, கவனிச்சேன், சந்தோஷம்னு நெனச்சுக்கிட்டேன்.

பொண்ணுகிட்ட சொன்னதும் விழுந்து விழுந்து சிரிச்சா. "கேரவனா? அம்மா, எந்தப் படத்துல நடிக்கிறே?"ன்னு கேட்டா. அப்புறம் கொஞ்சம் சீரியஸா, "உன் ரூமை அப்படியே வெச்சிருக்கேன். ஒத்து வரலைன்னா வந்துடு, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்"னு சொன்னா. அந்த "ஒத்து வரலைன்னா" என் காதுல முள்ளு மாதிரி நின்னுச்சு. ஒத்து வரலைன்னா என்ன அர்த்தம்? இத்தனை வருஷம் ஒத்து வந்ததே தூரமா இருந்ததாலதான்னு அர்த்தம். அதை நிரூபிச்சுட்டு அந்த ரூமுக்குத் திரும்பிப் போறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல.

கிளம்பிட்டோம்.

சொல்லக் கூடாது, ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்துச்சு. காலையில கதவத் திறந்தா நேத்து பாத்த மரம் இல்ல, வேற மரம். கொக்கி மாட்டுறது, ஜாக்கி எறக்குறது, தண்ணி டேங்க் ரொப்புறது, கேஸ் குழாய்ல சோப்பு நுரை தடவிப் பாக்குறதுன்னு எல்லாம் கத்துக்கிட்டேன். நிறுத்தினதும் வண்டி சாயாம நிக்குதான்னு தரையில ரசமட்டம் வெச்சுப் பாக்கணும், இல்லைன்னா முட்டை உருளும், தூங்கும்போது தலைக்கு ரத்தம் ஏறும். ரசமட்டம் பாக்குறது அவருக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. குமிழி நடுவுல வர்ற வரைக்கும் விட மாட்டாரு. சக்கரத்துக்கு அடியில ஒரு பலகை, அதுக்கும் மேல ஒரு அட்டை, அதுக்கும் மேல என்னோட துணி ஒரு துண்டு.

"ஒரு துண்டுத் துணியில என்னங்க வித்தியாசம் வந்துடப் போகுது?"

"எனக்குத் தெரியும்"பாரு.

உள்ள நடமாடுறதுக்கும் ஒரு முறை வந்துடுச்சு. ஒருத்தர் நின்னா ஒருத்தர் படுத்திருக்கணும். ஒருத்தர் அலமாரிக்குள்ள, அதான் குளியலறைக்குள்ள போனா, இன்னொருத்தர் வெளிய போய் நின்னு பறவைய பாக்கணும். சுவரு அட்டை மாதிரி, மூச்சு விட்டாலே கேக்கும். மொத வாரம் நான் ரேடியோவ சத்தமா வெச்சுட்டுத்தான் உள்ள போவேன். பக்கத்து டிரெய்லர்ல இருந்த பொம்பள, "உங்களுக்குப் பாட்டுன்னா உயிரோ?"ன்னு கேட்டா. ஆமான்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்ல?

நான் கையால சுத்துற ஒரு சின்னத் தையல் மெஷினைக் கொண்டு வந்திருந்தேன். கட்டில் ஓரத்துல மடக்குப் பலகை ஒண்ணு இருக்கு, அதுமேல வெச்சு ஓட்டினா வண்டியே நடுங்கும். அவரு கட்டில்ல படுத்துக்கிட்டு, "கப்பல்ல போற மாதிரி இருக்கு, வாந்தி வருது"ம்பாரு.

"அப்ப எறங்கிப் போய் நில்லுங்க கரையில."

எறங்கிப் போயிடுவாரு. அதான் கஷ்டம். நான் விளையாட்டுக்கு சொன்னாலும் எறங்கிப் போயிடுவாரு. சொல்லாட்டியும் எறங்கிப் போயிடுவாரு. "டயர்ல காத்து பாத்துட்டு வரேன்." "கொக்கிக்கு கிரீஸ் வெச்சுட்டு வரேன்." "கேஸ் வாசனை வர்ற மாதிரி இருக்கு, சுத்திப் பாத்துட்டு வரேன்." வேலை முடிஞ்சு வந்து ஒரு டீயக் குடிக்கிறதுக்குள்ள ரெண்டு தடவ எந்திரிப்பாரு. உக்காந்திருந்தாலும் முட்டி ஆடிக்கிட்டே இருக்கும். டம்ளர்ல டீ அலை அடிக்கும். எடைமுள்ளு அசையாம நிக்கிற வரைக்கும் மணிக்கணக்கா பொறுமையா பாக்குற ஆளு, என் எதிர்ல ஒரு டம்ளர் டீ முடியற வரைக்கும் உக்கார மாட்டேங்குறாரு.

எடம் சின்னது, அதான் மூச்சு முட்டுதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

அப்புறம் மழை புடிச்சுது. ஒரு மில்லுல வேலை, மழையில லோடு வரல, மெஷினைத் தொட விடல. நாங்க ஊருக்கு வெளிய டிரெய்லர் நிறுத்துற மைதானத்துல மாட்டிக்கிட்டோம். நாள் பூரா உள்ளயே. கூரையில மழை விழுற சத்தம் இருக்கே, தகர டப்பாவுக்குள்ள பட்டாணி போட்டுக் குலுக்குற மாதிரி. ரெண்டாவது நாள் மதியம் சாப்பாடு எடுத்து வெச்சேன். "நீ சாப்பிடு, கொக்கி நனையுது, தார்பாய் போத்திட்டு வந்துடறேன்"னு போனாரு.

சாப்பிடல நான். காத்திருந்தேன். சோறு ஆறிப் போச்சு. ஜன்னல்ல ஆவி படிஞ்சிருந்துச்சு, கையால தொடச்சுட்டுப் பாத்தேன்.

காருக்குள்ள உக்காந்திருக்காரு. டிரைவர் சீட்ல. வண்டி ஓடல. ரேடியோ இல்ல, போன் இல்ல. ரெண்டு கையும் ஸ்டீரிங் மேல. எதிர்ல மைதானத்து சுவரு. அந்த சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. பாத்தா உடம்பு துளி ஆடல. நல்லா நிம்மதியா, சாஞ்சு உக்காந்திருக்காரு.

தலையில ஒரு துண்டைப் போட்டுக்கிட்டு எறங்கிப் போய்க் கண்ணாடியத் தட்டினேன். போலீஸ்காரர் நிறுத்தின மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு கண்ணாடிய எறக்கினாரு.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. பேட்டரி வீக்கா இருக்கோன்னு ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன்."

"சாவி உள்ள ஆணியில தொங்குது."

அவரு ஸ்டீரிங்கைப் பாத்தாரு. சாவி போடுற ஓட்டையையும் ஒரு தடவ பாத்தாரு. நான் நனைஞ்சுக்கிட்டே நின்னேன்.

"நான் வந்தது உங்களுக்குப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்க. பொண்ணு ரூமை அப்படியே வெச்சிருக்காளாம். இந்த வாரத்துலயே பஸ் ஏறிடுறேன். மழையில வந்து சுவத்தைப் பாக்க வேணாம்."

"ச்சீ, என்ன பேச்சு பேசுறே! எடம்தாம்மா பிரச்சனை. ரொம்ப சின்னதா வாங்கிட்டோம். மாத்திடுவோம். பெருசா ஒண்ணு பாப்போம்."

அவ்வளவு வேகமா சொன்னாரு. அந்த வேகம் எனக்குப் பிடிக்கல. ஆனா எனக்கும் அது எடமாவே இருந்துட்டுப் போகட்டும்னு ஆசை. எடம்னா காசு கொடுத்து மாத்திக்கலாம்.

மழை விட்டதும் பழைய டிரெய்லர் வாங்கி விக்கிற யார்டுக்குப் போனோம். பெரிய பொட்டல். வரிசையா வெள்ளை வெள்ளையா நிக்குது, பல்லு மாதிரி. நடுநடுவுல ஒண்ணு ரெண்டு வித்துப்போய் ஓட்டையா இருக்கு. யார்டு ஆளு கழுத்துல சாவிக்கொத்து மாலை மாதிரி தொங்குது, நடந்தா கோயில் யானை வர்ற மாதிரி சத்தம். நான் மனசுக்குள்ள சாவிக்காரருன்னே பேரு வெச்சுட்டேன்.

"எத்தனை பேருக்கு?"ன்னு கேட்டாரு.

"ரெண்டு பேரு"ன்னேன் நான்.

"பெருசா"ன்னாரு அவரு.

சாவிக்காரர் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு ஒரு நீட்டு டிரெய்லரைத் திறந்து விட்டாரு. எங்க வீட்டுக்காரர் டேப்பை உருவிக்கிட்டே, "நீ உள்ள போய்ப் பாரு, நான் அடியில பாக்குறேன்"னு குனிஞ்சாரு.

"எந்திரிங்க"ன்னேன்.

"ஏன்?"

"போன தடவ அப்படித்தான் பாத்தோம். இந்தத் தடவ ரெண்டு பேரும் சேந்து உள்ள."

உள்ள போனோம். நெஜமாவே பெருசு. முன்னாடி சோபா, மேசை, நடுவுல சமையல், பின்னாடி தனியா ஒரு ரூமு, கட்டிலோட. அதுக்கு நல்ல மரக்கதவு. அவரு சோபாவப் பாக்கல, அடுப்பைப் பாக்கல. நேரா பின்னாடி போய் அந்த ரூமுக்குள்ள நுழைஞ்சு கதவ சாத்திக்கிட்டாரு. நான் முன்னாடி தனியா நிக்கிறேன்.

"நல்லா சாத்துது!"ன்னு உள்ளேர்ந்து குரல் வந்துச்சு. "சத்தமே வரல! ஏதாவது பேசு பாப்போம்!"

நான் பேசல.

"கேக்கவே இல்ல!"ன்னு சந்தோஷமா சொன்னாரு.

சாவிக்காரர் வாசல்ல இருந்து தலைய நீட்டி, "சார், ஒண்ணு சொல்லிடறேன். உங்க காரு இதை இழுக்காது. ஏத்தத்துல இதுதான் உங்க காரை இழுத்துக்கிட்டுக் கீழ வரும்"னாரு.

கதவு திறந்துச்சு. "காரை மாத்திடலாம்"னாரு எங்க வீட்டுக்காரர், யோசிக்கவே இல்ல.

அந்தக் காரு எப்படிப்பட்ட காருன்னு எனக்குத்தான் தெரியும். அதுமேல ஒரு கீறல் விழுந்தா இவருக்கு ரெண்டு நாளு சாப்பாடு எறங்காது. என்னை விட்டு ஒரு கதவு தள்ளி உக்காரணும்கிறதுக்காக அந்தக் காரையே குடுக்க ரெடியா இருக்காரு. நான் எறங்கினேன். எனக்கு நடக்கணும் போல இருந்துச்சு. அந்த வரிசைக்கு நடுவுல விறுவிறுன்னு நடந்தேன், எதையும் பாக்காம. அவரு பின்னாடியே வராரு, டேப்பு தரையில இழுபடுது. சாவிக்காரர் அதுக்கும் பின்னாடி ஜல் ஜல்னு.

"என்னாச்சு உனக்கு? நல்லாத்தானே இருந்துச்சு?"

கடைசி வரிசையில ஒரு டிரெய்லர் கதவு திறந்தே கிடந்துச்சு. எங்களோடதை விடக் கொஞ்சம்தான் பெருசு. ஏறிட்டேன். உள்ள கட்டிலே இல்ல. எதிரும் புதிருமா ரெண்டு பெஞ்சு, நடுவுல ஒரு மேசை. ராத்திரி மேசைய எறக்கி, பெஞ்சு மெத்தைய இழுத்துப் போட்டா அதுதான் படுக்கை. ரூமு கிடையாது, குளியலறை அலமாரியக் கழிச்சா உள்கதவுன்னு ஒண்ணுமே கிடையாது.

"உக்காருங்க"ன்னேன்.

"இது நம்மளுதை விட மோசம். தினம் படுக்கைய கட்டி அவுக்கணும்."

"உக்காருங்கன்னேன்ல." அப்புறம் சாவிக்காரர்கிட்ட, "அண்ணே, வெளிய கதவ சாத்திட்டுப் போங்க. கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க"ன்னேன்.

சாவிக்காரருக்கு ஒண்ணும் புரியல. "டெஸ்ட் பண்றதுன்னா ஓட்டிப் பாத்துதானேம்மா பண்ணுவாங்க?"

"நாங்க உக்காந்துதான் பண்ணுவோம்."

சாத்திட்டுப் போனாரு. சாவிச் சத்தம் தூரமாப் போச்சு. உள்ள பழைய மெத்தை வாசனை. எங்க முட்டிங்க மேசைக்கு அடியில இடிச்சுது. அவரு மேசைய அளக்க டேப்பை எடுத்தாரு. நான் டேப்பைப் புடுங்கி என் பக்கத்துல வெச்சுக்கிட்டேன்.

"இப்ப சொல்லுங்க."

"என்ன சொல்ல?"

"கதவுக்கு அந்தப் பக்கம் போனதும் உங்க மூஞ்சி எப்படி மலர்ந்துச்சு தெரியுமா? குரல்லயே தெரிஞ்சுது. எடம் பெருசா சின்னதாங்கிற பேச்செல்லாம் வேணாம். என்னைப் பாத்தா உங்களுக்கு எரிச்சலா?"

"இல்ல."

"பின்ன? லாட்ஜுல வேற யாராவது காத்திருக்காங்களா?"

"இந்த மூஞ்சிக்கா?"ன்னாரு. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. அடக்கிக்கிட்டேன். அந்த சமயத்துல சிரிச்சா தப்பிச்சுப் போயிடுவாரு.

முட்டி ஆட ஆரம்பிச்சுது. மேசை நடுங்குச்சு. அவரு எந்திரிக்கப் பாத்தாரு, மேசை இடிச்சு மறுபடியும் உக்காந்துட்டாரு.

"சத்தியமா எரிச்சல் இல்லம்மா"ன்னாரு. "எனக்கு... உன்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்படின்னா?"

"முன்னாடியெல்லாம் வீட்டுக்கு வர்றப்போ, வண்டி ஓட்டிக்கிட்டே யோசிப்பேன். எதை மொதல்ல சொல்றது, எதைக் கடைசியா சொல்றதுன்னு. வெங்காய மண்டியில அந்தாளு மெஷினுக்கு அடியில கல்லு வெச்சிருந்தான்ல, அதை நான் உன்கிட்ட எப்படி சொன்னேன்? எழுந்து நின்னு நடிச்சுக் காட்டினேன். நீ கண்ணுல தண்ணி வர சிரிச்சே. அதெல்லாம் ரோட்டுலயே ஒத்திகை பாத்துட்டு வருவேன். ஒரு வாரம் பத்து நாளு சேத்து வெச்சிருப்பேன். இப்ப? நான் வேலை முடிஞ்சு வரேன். நீயும் அதே ஊர்லதான் இருக்கே. அதே மழை, அதே மில்லு. மில்லுக்காரன் மூஞ்சி உனக்கே தெரியும். நான் வந்து உக்காந்ததும் நீ என் மூஞ்சியவே பாக்குற, ஏதோ வரப்போவுதுன்னு. வாயத் திறந்தா ஒண்ணும் வர மாட்டேங்குது. வெறுங்கையோட வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு. தினம்."

நான் கேட்டுக்கிட்டிருந்தேன்.

"அதனாலதான் காருல போய் உக்காருறேன். ஏதாவது ஞாபகம் வருமான்னு."

"வந்துச்சா?"

"சுவத்துல ஒரு ஓணான் வந்துச்சு. அதை எப்படி சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன், நீ வந்து கண்ணாடியத் தட்டிட்டே."

என்னால உக்கார முடியல. எந்திரிக்கவும் எடம் இல்ல. கோவமா, அழுகையா, என்னன்னே தெரியல. இத்தனை வருஷமா நான் நெனச்சுக்கிட்டிருந்தேன், ரெண்டு நாளு வீட்டுக்கு வர்ற மனுஷன் எப்படி இவ்வளவு கலகலன்னு பேசுறாருன்னு. அது அவருக்கு வேலை மாதிரி. எடைக்கல்லைப் பெட்டியில அடுக்குற மாதிரி அடுக்கி எடுத்துட்டு வந்திருக்காரு. நான் கேக்குறவளா மட்டும் உக்காந்திருந்திருக்கேன்.

"ஏங்க, பேச வேண்டியது நீங்க மட்டும்தானா?"

"இல்ல... நீ எப்பவும் கேட்டுக்கிட்டுத்தானே இருப்பே?"

"நீங்க எப்பவாவது கேட்டீங்களா, நீ என்ன பண்ணினேன்னு?"

"நீ தைச்சிருப்பேன்னு..."

"தைச்சிருப்பேனாம்!" மேசையில கைய வெச்சு ஒரு தட்டு தட்டினேன். "பத்து நாளும் தைச்சுக்கிட்டேவா இருப்பேன்? நான் ஒரு தடவ நம்ம வீட்டையே விக்கப் பாத்தேன், தெரியுமா உங்களுக்கு?"

முட்டி நின்னுடுச்சு.

"என்னது?"

"நம்ம வீட்டை. பொண்ணு அப்ப ஸ்கூல் படிச்சா. ஒரு நாளு காலையில ஒருத்தரு வந்து கதவத் தட்டினாரு. நல்ல சட்டை, கையில பையி. 'விக்கிற வீடு இதுதானே, பாக்கலாமா?'ன்னாரு. அடுத்த தெருவுல ஒரு வீடு விக்குறாங்க, அதைத் தேடிக்கிட்டு மாறி வந்துட்டாரு. எனக்குத் தெரியும், அடுத்த தெருன்னு. ஆனா அன்னைக்கு என்னமோ எனக்கு வீட்டுக்குள்ள இருப்பே கொள்ளல. காலையிலேர்ந்து ஜன்னலுக்கும் மெஷினுக்கும் நடந்துக்கிட்டிருந்தேன். 'ஆமாங்க, வாங்க'ன்னுட்டேன்."

"யாரு, நீயா?"

"நான்தான். செருப்பைக் கழட்டிட்டு வந்தாரு. ஹாலைக் காட்டினேன். காத்து எந்தப் பக்கம் வரும், வெயில் எப்ப வரும், எல்லாம் சொன்னேன். சமையல்கட்டுல ஒழுகுற குழாய் முன்னாடி நானே நின்னு மறைச்சுக்கிட்டேன். 'உங்க வீட்டுக்காரர் எங்கே?'ன்னாரு. 'வெளியூரு, எல்லாம் என் பொறுப்புல விட்டிருக்காரு'ன்னேன்."

"அடிப்பாவி!"

"இருங்க. விலை கேட்டாரு. நான் வாய்க்கு வந்ததை சொன்னேன். அவரு குறைச்சுக் கேட்டாரு. எனக்குக் கோவம் வந்துடுச்சு. நெஜமான கோவம்! 'இந்தத் தரையப் பாத்தீங்களா? ஒரு விரிசல் உண்டா?'ன்னு சண்டைக்குப் போயிட்டேன்."

அவரு சிரிச்சாரு. வீட்டுக்கு வர்றப்போ கதை சொல்லி முடிச்சதும் சிரிப்பாரே, அந்த சிரிப்பு இல்ல. அது எனக்குப் பழக்கமான சிரிப்பு. இது வேற, நடுவுல மூச்சு வாங்கி, மூக்குல சத்தம் வந்து, பாக்கவே அசிங்கமா. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இவரு இப்படி சிரிச்சு நான் பாத்ததில்ல.

"ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"ன்னு கண்ணைத் தொடச்சுக்கிட்டே கேட்டாரு.

"நீங்க வந்தப்போ உங்க கையில வெங்காய மண்டி இருந்துச்சு."

வெளிய ஜல் ஜல்னு சத்தம் வந்து நின்னுச்சு. கதவுல தட்டு. சாவிக்காரர் லேசாத் திறந்து, தரையப் பாத்துக்கிட்டே, "அம்மா, உள்ள சத்தமெல்லாம் கேட்டுச்சு, அதான் கொஞ்சம் தள்ளியே நின்னேன். வேற பார்ட்டி வந்திருக்காங்க. இதைப் பாக்கணும்ங்கிறாங்க"ன்னாரு.

சாவிக்காரர் தோளுக்கு மேல பாத்தேன். ஒரு சின்ன வயசு ஜோடி நிக்குது. பையன் குனிஞ்சு சக்கரத்தைப் பாக்குறான். அந்தப் பொண்ணு உள்ள எட்டிப் பாக்குது.

எங்க வீட்டுக்காரரைப் பாத்தேன். அவரு எந்திரிக்க வழி இருந்துச்சு. கதவும் திறந்திருக்கு, சாவிக்காரரும் ஒதுங்கி நிக்குறாரு, எறங்கினா யாரும் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. அவரு மேசை மேல ரெண்டு கையையும் ஊனினாரு. நான் அவரைப் புடிச்சு உக்கார வைக்க மாட்டேன்னு மனசுல ஒரு முடிவு பண்ணிட்டேன். போறதுன்னா போகட்டும். பஸ் எங்கே நிக்கும்னு சாவிக்காரர்கிட்டயே கேட்டுக்கலாம்.

அவரு கொஞ்சம் நகந்து, பெஞ்சுல நல்லா உள்ள தள்ளி, ஜன்னலோரமா சாஞ்சு உக்காந்தாரு.

"இதை வித்தாச்சுன்னு சொல்லுங்க"ன்னாரு சாவிக்காரர்கிட்ட. "கதவ சாத்துங்க."

சாவிக்காரர் என்னைப் பாத்தாரு. நான் தலைய ஆட்டினேன். கதவு சாத்திக்கிச்சு. கொஞ்சம் இருட்டாச்சு உள்ள. எனக்குக் காலு ரெண்டும் எங்கேயோ ஓடணும்னு துடிக்குது. மேசைக்கு அடியில யாரு முட்டி ஆடுதுன்னே தெரியல, இந்தத் தடவ என்னுதாத்தான் இருக்கணும்.

"ம்ம்"னாரு. "அப்புறம்? மாடிக்குக் கூட்டிட்டுப் போனியா அந்தாளை?"